மூடியில் ஒட்டியிருந்த ஒன்பது கிரில்கள்

தென்துருவக் கடலில் வாழும் ஓர் உயிரைப் பற்றிச் சந்தேகம் வந்தால் புத்தியுள்ளவர்கள் தென்துருவத்துக்குப் போவார்கள். நான் பதுளைக்குப் போனேன். இலங்கை ஒரு தீவு, எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். பதுளையில் இறங்கிச் சுற்றிப் பார்த்தால் மலை, அதற்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மேகம். கடலை ஆராய்கிறவனை நாடு கடத்துவதென்று யாராவது முடிவு செய்தால் இந்த ஊரைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

வந்த காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அனுபவச் சான்றிதழ். புவனேஸ்வரி என்னும் பெண் எங்கள் ஆய்வு நிலையத்தில் இரண்டு வருடம் திறமையாகவும் பொறுப்பாகவும் வேலை செய்தாள் என்று அதில் இருந்தது. மற்றது, அதே புவனேஸ்வரி பொறுப்பில்லாமல் வேலை செய்து எங்கள் ஆய்வைக் கெடுத்துவிட்டதாக ஒப்புக்கொள்ளும் கடிதம். இரண்டாவதில் அவள் கையெழுத்துப் போட்டால்தான் முதலாவதைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் இயக்குநரின் உத்தரவு. இரண்டையும் ஒரே ஆள், ஒரே மத்தியானத்தில், ஒரே கணினியில் தட்டச்சு செய்தார். எங்கள் நிலையத்தில் வேலைகள் இவ்வளவு சுறுசுறுப்பாக நடப்பது அபூர்வம்.

அவளுக்கு அந்தச் சான்றிதழ் அவசியம். கொழும்பில் ஒரு கடலாய்வு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் சான்றிதழ் போய்ச் சேர வேண்டும். நான் பதுளையில் இறங்கியது செவ்வாய்க்கிழமை. இந்தக் கணக்கெல்லாம் தெரிந்துதான் இயக்குநர் என்னை அனுப்பினார். நானும் தெரிந்துதான் கிளம்பினேன்.

கிரில் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கட்டைவிரல் நீளத்தில், உடம்பு கண்ணாடியாக, கண் மட்டும் கறுப்பாக, கூட்டம் கூட்டமாகத் திரியும் இறால் சாதி. திமிங்கிலம், பென்குவின், சீல் எல்லாம் இதை நம்பித்தான் குடும்பம் நடத்துகின்றன. எந்தக் கடலில் எவ்வளவு கிரில் இருக்கிறது, அதில் குஞ்சு எத்தனை, இளசு எத்தனை, முட்டை தாங்கியது எத்தனை என்று பார்ப்பது என் பிழைப்பு. சொல்வதற்குச் சுலபம். ஓரிடத்தில் வலையை இறக்கினால் ஒன்றுமே வராது, பக்கத்திலேயே இறக்கினால் தூக்க முடியாத அளவுக்கு வரும். முட்டை தாங்கியவை ஆழ்கடலில் இருக்கும், இளசுகள் வேறெங்கோ இருக்கும். நீளத்தை வைத்து வயதைச் சொல்லலாம் என்றால் அதுவும் உறுதியில்லை. தீனி கிடைக்காத பனிக்காலத்தில் கிரில் தன் உடம்பையே சுருக்கிக்கொள்ளும். நான் அந்தக் கப்பலில் போய் வந்த பிறகு சுருங்கியது மாதிரி.

மூன்று வருடங்களுக்கு முன் போன அந்தப் பயணத்தில் பாதி நாள் வாந்தி எடுத்தேன், மீதி நாள் கிரில் எடுத்தேன். ஜாடி ஜாடியாகக் கொண்டுவந்த மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்த்து, ஒவ்வொன்றையும் கண்ணிலிருந்து வால் நுனிவரை அளந்து, ஆணா பெண்ணா என்று எழுதியவள் புவனா. உதவித்தொகையில் இந்தியா வந்திருந்த, பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். எழுதி முடித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. எங்கள் ஜாடிகளில் சின்ன கிரிலே இல்லை, எல்லாம் பெரிசு. அந்த வருடம் பனி தாமதித்ததால் குஞ்சுகள் பிழைக்கவில்லை என்று நான் கட்டுரை எழுதினேன். பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். கன்னத்தில் கை வைத்துக் கவலையாக நின்றேன். கவலை எனக்கு நன்றாகப் பொருந்துகிறது என்று மனைவி சொன்னாள்.

பிறகு வேறொரு நாட்டுக் கப்பல், அதே கடலில், அதே மாதத்தில், குஞ்சுகளை அள்ளி அள்ளி எடுத்ததாகச் செய்தி வந்தது. யாரோ தப்புச் செய்திருக்க வேண்டும். கப்பல் அரசாங்கத்துடையது, அது தப்புச் செய்யாது. வலை புதிது. நான் விஞ்ஞானி. மிச்சம் இருந்தது சம்பளம் குறைந்த ஓர் ஆள். அவளும் நல்லவேளையாக நாட்டை விட்டுப் போயிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பதுளைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் குடை வாங்கினேன். மழை நாட்டுக்குக் குடையில்லாமல் வந்த கடல் விஞ்ஞானியைக் கடைக்காரர் அனுதாபத்தோடு பார்த்தார். அவருடைய பாட்டனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவராம். என் பேச்சைக் கேட்டதும் முக்காலி போட்டு, தேத்தண்ணி வரவழைத்து, விசாரணையைத் தொடங்கினார்.

"என்னா தொழில் பாக்குறீங்க?"

கிரில் என்று சொல்லிப் பார்த்தேன். விளங்கவில்லை. "கூனி மாதிரி ஒன்று. தென்துருவத்தில் இருக்கிறது. அதை எண்ணுகிறேன்."

அவர் எழுந்துபோய் ஒரு சாக்கின் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே காய்ந்த கூனி இறால், ரோஜா நிறத்தில், கண் கறுப்பாக. "இதைத்தானே? நாங்க நிறுத்து விக்கிறோம். எண்ணுறதில்லை."

"நாங்கள் எண்ணி, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லுவோம்."

"யாருக்கு?"

இந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் எந்த நிபுணர் குழுவும் என்னிடம் கேட்டதில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். உலகத்துக்கே தேயிலை அனுப்பும் ஊரில் கடையில் கொடுப்பது அடித்தூள். நல்லது கப்பலேறிப் போய்விடுகிறது. எங்கள் ஊரில் நல்ல இறாலும் இப்படித்தான் போகிறது.

புதன்கிழமை தோட்டத்துக்குப் போவதாகத் திட்டம். நமுனுகுல மலைக்குக் கீழே புவனாவின் தோட்டம். பஸ் நிலையத்தில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது, எனக்குப் பிடித்த ஜன்னல் இருக்கை காலியாக இருந்தது, ஏறினேன். வழி கேட்பது எனக்குப் பழக்கமில்லை. படித்தவன், மலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பஸ் போகிறதா என்று பார்த்தால் போதாதா? போயிற்று. பதுளையில் எல்லாப் பக்கமும் மலை என்பதை நான் அந்த நேரத்தில் மறந்திருந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நன்றாக ரசித்தேன். லீக்ஸ் கட்டுகள் ஏறின, உருளைக்கிழங்குச் சாக்குகள் ஏறின, ஒரு கோழி ஏறியது. என் கால்மாட்டில் காரட் மூட்டை வந்து உட்கார்ந்தது. தேயிலைத் தோட்டத்துக்கு ஏன் இவ்வளவு காய்கறி போகிறது என்ற ஆராய்ச்சிக் கேள்வி எழுந்தபோது பஸ் வெலிமடையில் நின்று எல்லோரும் இறங்கினார்கள். நமுனுகுல எங்கே என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் வந்த வழியைக் காட்டினார். நேர் எதிர்த்திசை.

பின்னால் ஒரு பெண் சிங்களத்தில் ஏதோ சொல்ல, நான்கைந்து பேர் சிரித்தார்கள். வழி காட்டியவரே எனக்குத் தமிழில் பெயர்த்துச் சொன்னார்: "பாவம், படிச்சவர் மாதிரி இருக்கார், அதான் ஏறும்போது யார்கிட்டயும் கேக்கலன்னு சொல்றாங்க." என்னைப் பற்றி இதுவரை வந்த மதிப்பீடுகளில் இவ்வளவு சரியானது வேறில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

திரும்பி வரும் பஸ் வழியில் டயர் பஞ்சராகி, மழையில் நின்று, பதுளைக்கு வந்து சேரும்போது நமுனுகுல பஸ் போயிருந்தது. கொத்துரொட்டி சாப்பிட்டேன். நம் ஊரில் பரோட்டாவைக் கொத்துவார்கள். இங்கே பரோட்டாவுக்குப் பழைய பகை தீர்க்கிறார்கள். ருசி மட்டும் குறை சொல்ல முடியாததாக இருந்தது, எனக்கு ஏமாற்றம்தான்.

வியாழக்கிழமை மூன்று பேரிடம் கேட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். தோட்டத்து வளைவில் இறங்கி, படிகள் ஏறி, லயத்தை அடைந்தபோது காலை பத்து மணி. வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள், முன்னால் சின்ன முற்றம், கயிற்றில் துணி. புவனாவின் அப்பா மாணிக்கம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஒல்லியான மனிதர், காது கொஞ்சம் மந்தம், அதனால் கத்திப் பேசுகிறவர்.

"வாங்க சார், வாங்க! பாப்பா இஸ்கூல்ல புள்ளைகளுக்குப் பாடம் எடுக்குது. ரெண்டு மணி பஸ்ல வந்துரும். எனக்கும் ரெண்டரைக்குத்தான் ஸ்டோருக்குப் போகணும்." ஸ்டோர் என்றால் தேயிலை ஆலை. அவர் அங்கே தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்கிறார். அவர் மனைவி விடியலிலேயே சமைத்து வைத்துவிட்டு, பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்குப் போய் மேஸ்திரியிடம் பெயர் கொடுத்து, கொழுந்து பறிக்க மலையேறிவிட்டாராம்.

நான்கு மணி நேரம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். தொழில் புத்தி சும்மா இருக்குமா? லயத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன். பல் போன முதியவர்கள், இடுப்பில் இருக்கும் குழந்தைகள். நடுவில் ஒருவருமில்லை. ஒரு தலைமுறையே காணாமல் போயிருந்தது. தோட்டத்தின் மக்கள் அமைப்பு பற்றி என் தலைக்குள் ஒரு கட்டுரை தயாரானது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்குக் கீழே பஸ் நின்றது. அதிலிருந்து ஒரு பட்டாளம் இறங்கியது. வெள்ளைச் சீருடைகள், கைப்பை மாட்டிய பெண்கள், காதில் பாட்டுக் கேட்கும் பையன்கள், நர்சு வேலை பார்க்கும் ஒருத்தி, வங்கி அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒருவன். படி நிறைய ஆட்கள். அவர்களுக்கு நடுவில், குடையை மடக்கிக்கொண்டே, புவனா வந்தாள்.

தலைமுறை காணாமல் போனதை நான் அவளிடம் கவலையோடு சொன்னேன். அவள் சிரிக்காமல்தான் பதில் சொன்னாள்.

"பத்து மணிக்கு வந்து எண்ணுனா எப்படி சார்? எல்லாரும் வேலைக்கும் இஸ்கூலுக்கும் போயிருப்பாங்க. கொழும்புக்குப் போனவங்களும் இருக்காங்கதான். அதுக்காக ஒருத்தருமே இல்லன்னு எழுதிறாதீங்க."

சாப்பாடு மாணிக்கம் பரிமாறினார். சோறு, பருப்பு, லீக்ஸ் பொரியல், கூனிச் சம்பல். முந்தாநாள் சாக்கில் பார்த்த அதே ரோஜா நிறப் பயல்கள் தேங்காய்ப்பூவோடு தட்டில் கிடந்தார்கள். பழக்கதோஷம், கொஞ்சம் குனிந்து பார்த்துவிட்டேன்.

"அளக்காம சாப்பிடுங்க சார்," என்றாள் புவனா.

கை கழுவிய பிறகு கடிதத்தை எடுத்தேன். நான் கெட்ட காரியங்களை மரியாதையாகச் செய்யும் வகை. தொண்டையைச் செருமி, இது வெறும் சம்பிரதாயம், யாருக்கும் கெட்ட பெயர் வராது, கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள் என்றெல்லாம் சொன்னேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை, மறுபடியும் முதலிலிருந்து. ஒரு பக்கக் கடிதத்தை அவ்வளவு நேரம் படிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதும் எரிச்சல் வரும்.

"'சிறிய உயிரிகளைக் கவனக்குறைவால் தவறவிட்டேன்'னு இருக்கு. இத எழுதிக் குடுத்தா அந்த சர்டிபிகேட்ட தருவீங்க. அப்படித்தானே சார்?"

"அப்படி நேரடியாகச் சொல்ல முடியாது..."

"வேற எப்படி சார் சொல்றது?"

மகள் கையில் என்ன தாள் என்று மாணிக்கம் கேட்டார். "ஆபிஸ் விசயம்ப்பா," என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா உங்களுக்கு ஸ்டோரச் சுத்திக் காட்டணும்னு டீமேக்கர்கிட்ட பர்மிசன் கேட்டு வச்சிருக்காரு. போய் பாத்துட்டு வாங்க. வந்ததும் பேசுவோம்," என்றாள். ஆலை அதிகாரியிடம் அனுமதி வாங்குவதற்காக அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனாராம். அதைக் கேட்டதும் கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

ஆலையில் எனக்குப் பிடித்தது வாசனை மட்டும். சத்தம் காதைப் பிய்த்தது. மாணிக்கத்தின் காது ஏன் மந்தம் என்று விளங்கியது. அவருடைய பகுதியில் நீளமான சல்லடைகள் அடுக்கடுக்காக ஆடிக்கொண்டிருந்தன. மேல் தட்டின் கண் பெரிசு, அடுத்தது அதைவிடச் சின்னது, அதற்குக் கீழே இன்னும் சின்னது. பெரிய இலைத்தூள் மேலே தங்க, நடுத்தரம் நடுவில் தங்க, கடைசியில் மாவு மாதிரி விழுவதுதான் டஸ்ட். ஒவ்வொன்றுக்கும் தனிச் சாக்கு, தனிப் பெயர்.

விருந்தாளி ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். "டஸ்ட் இல்லாமல் பெரிய தூள் மட்டும் வரும்படி செய்ய முடியாதா?"

மாணிக்கம் வாய்விட்டுச் சிரித்தார். சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"அதெப்புடி சார்? செடியில பறிச்சது எல்லாம் சேர்ந்துதான வரும்! டஸ்ட் இல்லாத தூளே கிடையாது. ஒரு சாக்கப் பிரிச்சு, உள்ள டஸ்ட்டே இல்லன்னு வைங்க, நாங்க செடியக் குத்தம் சொல்ல மாட்டோம். எங்களுக்கு முன்னாடியே யாரோ சலிச்சுட்டாங்கன்னு அர்த்தம்!"

எங்களுக்கு முன்னாடியே யாரோ சலிச்சுட்டாங்க. அவர் அடுத்த இயந்திரத்துக்கு நகர்ந்துவிட்டார். நான் அங்கேயே நின்றேன்.

கப்பலில் முதல் ஜாடி நிரம்புவதற்கு முன்பே ஆய்வுச் சல்லடை கிழிந்துவிட்டது. வலையில் கிரிலோடு சேர்ந்து வழவழவென்று ஜெல்லி உயிர்கள் கூடை கூடையாக வந்தன. அவற்றைக் கழுவித் தள்ளாமல் ஜாடியில் போட முடியாது. மாற்றுச் சல்லடை கப்பலின் அடித்தளத்துப் பெட்டியில் இருந்தது. அங்கே இறங்கினால் எனக்கு வாந்தி வரும். ஆகவே சமையல்காரரிடம் போய்ச் சோறு வடிக்கும் அலுமினிய வடிதட்டை வாங்கிவந்தேன். பயணம் முடியும்வரை அதில்தான் கழுவினேன். குழாயில் கடல்நீர் பீய்ச்ச, ஜெல்லி கரைந்து ஓட, அதோடு சேர்ந்து மெல்லிசாக, ரோஜா நிறமாக ஏதோ வடிதட்டின் ஓட்டைகள் வழியே ஓடி, கீழே திறந்து கிடந்த ஜாடி மூடியிலும் தெறித்து, தளத்தின் விளிம்பில் விழுந்து கடலுக்குப் போயிற்று. விரல்கள் மரத்திருந்தன, சீக்கிரம் உள்ளே போய்ப் படுக்க வேண்டும் போலிருந்தது. அதை மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. மூன்று வருடமாக அந்தப் பக்கம் நினைப்பைத் திருப்பாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

அந்த வருடத்துக் குஞ்சுகள் பனியால் சாகவில்லை. என் வலையில் வந்தவற்றை நான்தான் வடித்துக் கொட்டினேன்.

லயத்துக்குத் திரும்பி வந்தபோது புவனா முற்றத்தில் ஒரு கொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். நம் ஊரில் நோட்டு, இங்கே கொப்பி. அதற்குள் ஆய்வகக் குறிப்பேட்டின் நகல்களை ஒட்டி வைத்திருந்தாள்.

"ஒரிஜினல் உங்க ஆபிஸ்லதான் சார் இருக்கு. எதுக்கும் இருக்கட்டும்னு போட்டோகொப்பி எடுத்து வச்சேன்."

ஒரு பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தாள். அவளுடைய சின்னக் கையெழுத்து. ஜாடி எண், நாள், அதற்குக் கீழே: 'மூடியின் உள்விளிம்பில் சிறியவை ஒன்பது ஒட்டியிருந்தன. ஜாடிக்குள் ஒன்றுகூட இல்லை. ஜாடியில் போடுவதற்கு முன்பே சலிக்கப்பட்டதா? சாரிடம் கேட்க வேண்டும்.'

அதற்கும் கீழே, வேறு மையில், பெரிசாக, அலட்சியமாக: 'பார்த்தேன்.' பக்கத்தில் என் முதலெழுத்துகள்.

வெள்ளிக்கிழமைதோறும் ஆய்வகக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைப்பாள். வாரத்துக்கு முப்பது பக்கம் இருக்கும். நான் தொலைபேசியில் பேசிக்கொண்டே எல்லாப் பக்கத்திலும் 'பார்த்தேன்' போட்டுக்கொண்டே போவேன். பார்த்ததும் உண்மைதான், பார்க்காமல் பேனாவை எங்கே வைப்பது?

"அந்த ஒன்பதையும்..." என்று ஆரம்பித்தேன்.

"சின்னப் பாட்டில்ல போட்டு, லேபிள் ஒட்டி, உங்க மேசை மேலதான் வச்சேன் சார். நீலமூடி. இன்னும் அங்கதான் இருக்கும்."

இருக்கிறது. மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன், கனம் சரியாக இருக்கிறது. இப்போது என் பையில் இருக்கும் இந்தக் கடிதமே ஒரு வாரம் அந்த ஒன்பது பேருக்கு அடியில்தான் கிடந்தது. மேசையிலேயே இருந்த பதிலைத் தேடி நான் கடல் தாண்டி, மலையேறி, நடுவில் வெலிமடைக்கும் போய் வந்திருக்கிறேன்.

"'முன்னாடியே யாரோ சலிச்சுட்டாங்க' என்று ஆலையில் அப்பா சொன்னார். அவருக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது. அவரு எப்பவும் சொல்ற பேச்சு அது. அதக் கேட்டு வளந்ததாலதான் எனக்கு அந்தக் கேள்வி வந்துச்சு." பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு அந்த வேல வேணும் சார். அம்மா கால்வலியோட மல ஏறுது. டெம்பரரி டீச்சர் வேலைய வச்சு ஒன்னும் பண்ண முடியாது. சர்டிபிகேட் நாளைக்குள்ள போகணும். நீங்க போடச் சொன்னா போட்டுர்றேன். ஆனா நீங்க இந்தப் பக்கத்த ஒருக்கா ஒழுங்கா படிச்சிட்டு, அதுக்குப் பிறகும் போடுன்னு சொல்லணும். நாளைக்குக் காலைல பதுளைல பாப்போம்."

கத்திச் சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அழுதிருந்தால் ஆறுதல் சொல்லி, ஆறுதலோடு கையெழுத்தும் வாங்கியிருப்பேன். எனக்குப் பழக்கமில்லாத ஒன்றை அவள் கேட்டாள். கொப்பியை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் கீழே இறங்கினேன். வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. சாதாரணமான, சின்ன வயசில் மாட்டிக்கொண்டால் வருமே, அந்த வெட்கம். அதில் கேலி செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பதுளைக் கடைத்தெருவில் நகல் எடுக்கும் கடை. இங்கே இதைக் கொமியூனிகேஷன் என்கிறார்கள். கல்லாவில் ஒரு சிங்களப் பெண் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். புவனா பள்ளிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கையில் சொந்தப் பேனாவோடு வந்திருந்தாள். கையெழுத்துப் போடத் தயாராக வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. அந்தப் பேனாவைப் பார்த்த பிறகு எனக்கு யோசிக்க எதுவும் இல்லாமல் போயிற்று.

சான்றிதழை முதலில் கொடுத்தேன்.

"லெட்டர்?" என்றாள்.

"முதலில் இதை அனுப்பு."

நகலெடுத்து, மின்னஞ்சலில் போட்டு, போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் பார்த்தாள். பிறகு பேனாவை நீட்டினாள். வாங்கிக்கொண்டு, கடிதத்தின் முன்பக்கத்தில் மூலைக்கு மூலை கோடு கிழித்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கல்லாப்பலகையில் வைத்து எழுதத் தொடங்கினேன். சல்லடை கிழிந்தது, வடிதட்டு வந்தது, கடல்நீரில் என்ன ஓடியது, எந்தப் பக்கத்தில் யார் என்ன கேட்டாள், அதன் கீழே யார் 'பார்த்தேன்' என்று போட்டார், நீலமூடிப் பாட்டில் எந்த மேசையில் எதற்குப் பயன்படுகிறது. என் கட்டுரைகளில் இவ்வளவு தெளிவாக நான் எதையும் எழுதியதில்லை. இயக்குநர் படித்தால் வேலை போகுமா, ஓய்வூதியம் தப்புமா, மனைவிக்கு எப்படிச் சொல்வது என்பவை எல்லாம் வரிக்கு வரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

எழுதியதைப் புவனாவிடம் நீட்டினேன். வழக்கம்போல முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். முகம் மாறவில்லை. கண் மட்டும் கொஞ்சம் நனைந்தது போலிருந்தது, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பிறகு ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"சார், எட்டுன்னு எழுதியிருக்கீங்க. ஒன்பது."

அடித்துத் திருத்தினேன். தொலைபேசி அதிர்ந்தது, இயக்குநர். அது அதிர்ந்து அடங்கும்வரை காத்திருந்தேன். பின்னால் நகலெடுக்க வந்தவர்கள் வரிசையில் நின்று முணுமுணுத்தார்கள். கல்லாப் பெண் சிங்களத்தில் அவர்களிடம் ஏதோ சொன்னாள். "பொறுங்க, ஐயா படிக்கிறார்னு சொல்லுது," என்றாள் புவனா.

ஆமாம், படித்துக்கொண்டுதான் இருந்தேன். முதல் வரியிலிருந்து, ஒரு சொல்லும் விடாமல். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஆயிரக்கணக்கான தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படித்துவிட்டுப் போட்டது அதுதான் முதல் தடவை.